கேமரா 4417

எட்டுத் திரை எனக்கு. திரைக்குப் பதினாறு கட்டம்.
ஸ்ரீராமபுரம் ஆறாவது குறுக்குத் தெரு
போன வாரம்தான் என் பங்கில் சேர்ந்தது.
கம்பம் நடும்போது முட்டைக் கடைக்காரர் கேட்டாராம்,
'திருடனைப் பிடிக்கவா?'
'எல்லாத்துக்கும்' என்றார்களாம்.

பதினொன்று பத்துக்கு
மூன்றாவது மாடி ஜன்னலில் ஒரு பெண்,
துண்டுக்கு அடியில் மறைத்து
உள்ளாடை காயப்போடுகிறாள்.
அந்தத் துண்டு என்னுடையது.

என் பழைய நீலச் சட்டையில் இருந்தாள் குணசுந்தரி.
காலைத் தூக்கி ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு
பேசினாள். கை வீசி, புருவம் உயர்த்தி,
நடுவில் ஒருமுறை யாரையோ கும்பிட்டுச் சிரித்து.
எதிரில் யாருமில்லை.
போனை ரிப்பேருக்குக் கொடுத்து நாலு நாளாகிறது.

என்னோடு பேசுவது
உப்பு, பால், கரண்ட் பில்.

சக்கரத்தை உருட்டினால் உதடு வரைக்கும் போகலாம்.
போனேன்.
இரண்டாம் முறையும் போனேன்.
'இல்லை' என்றோ 'எல்லை' என்றோ
ஒரு சொல் மட்டும் பிடிபட்டது.

பயிற்சியின்போது ஒரு ஸ்லைடு காட்டினார்கள்:
அந்தரங்கம் அடிப்படை உரிமை,
ஒன்பது நீதிபதிகள், ஒரே குரல்.
அடுத்த ஸ்லைடுக்குள் டீ வந்துவிட்டது.

கறுப்புக் கட்டம் என்று ஒன்று உண்டு.
ஜன்னல்மேல் இழுத்துவிட்டால்
அந்த இடம் மட்டும் யாருக்கும் தெரியாது.
நஞ்சுண்டாவிடம் கேட்டேன்.
'ஆகல்ல குரு. அது பெரிய வீடுகளுக்கு.
காரணம் எழுதிக் கொடு, மேலே அனுப்பறேன்.'

'என் வீடு' என்று எழுதினேன்.
பக்கத்து ஜன்னலில் மார்த்தாவின் அப்பா
காலில் பேண்டேஜ் மாற்றிக்கொண்டிருந்தார்.
அதற்கும் மேலே ஒரு பையன்
கண்ணாடி முன் நின்று அழுது பார்த்தான்.
'என்' என்பதை அடித்துவிட்டு
'வீடு' என்பதை மட்டும் விட்டுவைத்தேன்.
இது காரணமே இல்லை என்று திரும்பி வந்தது.

ராத்திரி தட்டின் முன் கேட்டேன்:
இன்னிக்கு என்ன பண்ணே?
'ஒண்ணுமில்ல.'
ரசம் ஊற்றினாள்.
பன்னிரண்டு வருஷமாக அதைப்
பதில் இல்லை என்றே நினைத்திருந்தேன்.
அதற்குள் ஒரு தாழ்ப்பாள் இருந்திருக்கிறது.

மறுநாள் ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்தது.
படியேறும்போதே செருப்பைத் தேய்த்து நடந்தேன்.
இருமினேன்.
சாவி பையில் இருக்க, மணியை அடித்தேன்.

உள்ளே எதையோ எடுத்து வைக்கும் சத்தம்.
மெதுவாகவே வரட்டும்.
படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே கம்பம் நிற்கிறது.
என் நாற்காலியில் இந்நேரம்
சிவலிங்கு உட்கார்ந்திருப்பான்.