எழுபத்திரண்டு மணித்தியாலம்

ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில்
அரிசி மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போர்த்தி,
ஓரமெல்லாம் மணற்பாம்பு கிடத்தி,
வில்லை வைத்துக் கதவடைப்பது என் வேலை.
உள்ளே ஊறும் வாயுவுக்கு அழுகிய உள்ளி மணம்.
மணந்தால் ஓடு.

வெள்ளிக் கிரகத்திலும் அதே வாயுவாம்,
கடை வாசலில் போனை நீட்டினான் நிஸ்தார்.
ஈயம் உருகும் வெக்கை,
அமில முகில்.
அதற்குள் இது கிடந்தால்
ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறதாம்.
இல்லை, கணக்குப் பிழை என்றும் சிலர்.
சிரித்ததில் எனக்குப் பிளேன்டீ புரைக்கேறியது.

மூன்றாம் நாள் பின்னேரம்
முகமூடியும் டோர்ச்சுமாய் உள்ளே போனேன்.
மூட்டைத் தையலில்
ஒரேயொரு வண்டு,
கால் ஒன்று இழுபட,
எங்கேயோ அவசரமாய்ப் போய்க்கொண்டிருந்தது.

படிவத்தில் கடைசிக் கேள்வி: உயிர் உண்டா?
உண்டு என்றால் மறுபடி வில்லை,
மறுபடி மூன்று நாள்.

துறைமுகப் பாரந்தூக்கிகளுக்கு மேலே
வெள்ளி இறங்கிக்கொண்டிருந்தது,
கப்பல் விளக்கென்றே முதலில் நினைத்தேன்.
அங்கே தேடுகிறவர்கள்
கண்டால் என்ன எழுதுவார்களோ.

பேனையை மூடிவிட்டு
பஸ்ஸில் ஏறினேன்.
சட்டைக் கைக்குள் ஏதோ ஊர்ந்தது.
தட்டவில்லை.