வருகை அட்டை

பெரிய வெள்ளிக்கு எங்கள் பக்கம் விடுமுறை கிடையாது.
செம்பனை ஆலை அன்றும் புகையும்.
சிலுவைப் பாதைக்குப் போகவேண்டும் என்று
குணாளனிடம் என் அட்டையைக் கொடுத்தேன்.
தைப்பூசத்துக்கு நான் அவனுக்காக நின்ற கணக்கு.
"எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு வா" என்றான்.
ஆறு ஐம்பத்திரண்டுக்கு
இயந்திரம் என் பெயரைக் குத்தியது.

மூன்று மணி.
சிற்றாலயத்தின் தகரக் கூரைக்குக் கீழே
வெக்கையில் முழங்காலிட்டிருந்தோம்.
"நமக்குப் பதிலாக" என்றார் பாதர் ரெமிஜியுஸ்.
நான் கடிகாரம் பார்த்தேன்.
அப்போதுதான் ஆலைச் சங்கு
நேரம் தவறி ஊதியது,
நிறுத்தாமல்.

மூன்றாம் நம்பர் கலனின் வட்டக் கதவு
பூட்டு விட்டுப் போயிருந்தது.
ஆவி அடங்கும்வரை
யாரையும் கிட்டே விடவில்லை.

"நீதான் அவன அனுப்புனியா?" கிராணி கேட்டார்.
தெரியாது என்றேன்.
அட்டை எப்படி அவன் கைக்குப் போனது?
போலீஸ்காரருக்கும் தெரியாது என்றேன்.
சவக்கிடங்கு வாசலில் விமலாதேவியின் அண்ணன்
என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.
அவருக்கும் அதேதான்.
லயத்துப் பின்பக்கம் யாருடைய சேவலோ
பட்டப்பகலில் கூவியது.
வேதம் படித்திருப்பதில் இப்படி ஒரு தொல்லை.

சனி இரவு
காய்ந்த மட்டைகளைக் குவித்துப் புது நெருப்பு மூட்டினார்கள்.
மெழுகுவத்திகள் கைமாறி வந்தன.
உயிர்த்தார் என்றதும் மணி, கைத்தட்டல்,
ஐந்தடி தள்ளி ஒரு குழந்தை பயந்து அழுதது.
நானும் பயந்தேன்.

அதுவரைக்கும் உயிர்ப்பு என்றால் எனக்குப்
புதுச் சட்டை, கோழிக்கறி, தங்கச்சி வீட்டுக் கேக்.
சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டது
வெளியே இருந்தவர்களுக்குப் பயந்து என்பார்கள்.
எனக்கென்னவோ
செத்தவருக்குப் பயந்துதான் என்று பட்டது.
தெரியாது என்று சொன்னவனைத் தேடி
செத்தவரே எழுந்து வந்தால்
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

வந்தார்.
பூட்டு பூட்டாகவே இருக்க, நடுவில் வந்து நின்றார்.
ஏன் ஓடினாய் என்று கேட்கவில்லை.
சுற்றியிருந்த துணியைக்கூட
கல்லறையிலேயே விட்டுவிட்டு வந்தவர்
காயங்களை மட்டும் எடுத்து வந்திருந்தார்.
இந்தா, பார் என்று
கையை நீட்டினார்.

இரண்டையும் ஒன்று என்று சொல்ல எனக்கு வாயில்லை.
அவர் தெரிந்து போனவர்.
அவருடைய தோட்டத்திலும் அந்த ராத்திரி
எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.
இந்தக் கிண்ணம் வேண்டாமே என்று
வியர்த்து வியர்த்துக் கேட்டுவிட்டு
பிறகு போனார்.
குணாளன் தெரியாமல் போனவன்.
பாதிச் சோறும் கருவாட்டுத் துண்டும்
டிபனில் அப்படியே இருந்தன.
ஆனாலும் அந்த ஒரு வார்த்தை,
"பதிலாக",
என்ன எடை என்று
நாற்பது வருடப் பிரசங்கம் சொல்லாததை
அவன்தான் சொன்னான்.

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்தது.
சொக்சோ பாரத்தில்
அன்று வேலையில் இருந்தவர் என்ற கட்டத்தில்
என் பெயர் இருந்தது.
தாளின்படி குணாளன் அங்கே இல்லை.
தாளின்படி விமலாதேவிக்கு ஒரு காசும் இல்லை.
தாளின்படி செத்தது நான்.

பேனா கேட்டேன்.
அட்டையைக் கொடுத்தது நான் என்று எழுதினேன்.
மலாயில் எழுதச் சொன்னார்கள், மறுபடி எழுதினேன்.
"வேலை போயிரும், தெரியுமில்ல?" என்றார் கிராணி.

தெரியும்.

மத்தியானம் லயத்துக்கு நடந்தேன்.
அவள் வீட்டுக் கதவு
உள்பக்கம் பூட்டியிருந்தது.
தட்டினேன்.
உள்ளே ஒரு பாத்திரம் நகர்ந்தது.
வாசலில் அவனுடைய ரப்பர் பூட்ஸ்,
காயப் போட்டது போலக் கவிழ்ந்து.
காட்டுவதற்கு ஒரு காயமும் இல்லாத
இந்தக் கைகளை
என்ன செய்வது என்று தெரியாமல்
நின்றுகொண்டிருந்தேன்.