ஆறு இறாத்தல்

பஞ்சிகாவத்தையில் காற்றையும் நிறுத்து விற்பார்கள்.
இல்ஹாம் மேசை மேல் பழைய பத்திரிகை விரித்து
இரண்டு சுப்பர்சார்ஜர்களைத் தூக்கி வைத்தான்.
ஒன்று தையல்மெசின் பெட்டியளவு.
உள்ளே இரண்டு உருளைகள்,
தொட்டுக்கொள்ளாமலே ஒன்றுக்குள் ஒன்று சுழல்பவை.
மற்றது நத்தை. வயிறு ஊதிய அலுமினிய நத்தை.

“மிஸ், பெட்டி கால் வைச்ச உடனே இழுக்கும்.
நத்தை அப்படியில்லை.
நாலாயிரம் சுற்றுக்கு மேலதான்
முகத்தைக் காட்டும்.”

நான் வார்ஃப் கிளார்க்.
மற்றவர்களின் பெட்டிகளை வரி கட்டி வெளியே எடுப்பவள்.
எழுபத்தோராம் ஆண்டு மஸ்டாங் ஒன்று
பதினோராம் களஞ்சியத்தில் ஏலம் போனபோது
கையை உயர்த்தியது நானா, அன்றைய வெக்கையா,
இன்னும் தெரியாது.

ஒரு கிழமை அவகாசம் கேட்டேன்.
பழைய வவுச்சரின் பின்புறத்தை டாஷ்போர்டில் ஒட்டி
முள் ஏறிய இடங்களைக் குறித்தேன்.
திங்கள், ஆட்டுப்பட்டித்தெரு: ஆயிரத்து நூறு.
செவ்வாய், மருதானை: நின்றபடி. விசிறி மட்டும் ஓடியது.
புதன், கொள்ளுப்பிட்டி: ஆயிரத்து எண்ணூறு,
ஒரு தனியார் பஸ்ஸோடு கோபம்.
வியாழன் மழை. எழுதவில்லை.
வெள்ளி, இரவு பதினொன்றே முக்கால்,
பேஸ்லைன் வீதி யாருமற்றுக் கிடந்தது:
மூவாயிரத்து இருநூறு.
இரண்டு மூச்சு நேரம்.
பிறகு பொலிஸ்.

நத்தை அன்றிரவே செத்தது.

மச்சான் செல்வினுக்குப் பெரிய பெட்டிதான் வேண்டும்.
“பொன்னெட்டை வெட்டி வெளியே நிறுத்து,
பார்க்கிறவன் பயப்படவேணும்.”
ஒக்டோபர் மழை பயப்படுமா என்று கேட்டேன்.
அவன் என் வண்டிக்கு
ஒரு நாளும் பெற்றோல் அடித்ததில்லை.

காற்றை நெருக்கினால் காற்று கொதிக்கும்.
கொழும்பில் அது ஏற்கெனவே
யாரோ மூச்சுவிட்டு முடித்த காற்று.
தொண்ணூற்றைந்து ஒக்டேன் முடிந்ததென்று
செட்டில் மட்டை தொங்கும் நாளில்
தொண்ணூற்றிரண்டை ஊற்றி மிதித்தால்
தகரப்பேணிக்குள் கல் குலுக்கும் சத்தம் வரும்.
அப்படிக் கேட்ட ஒரு பிஸ்டனை
இல்ஹாம் சாம்பல் தட்டாக வைத்திருக்கிறான்.
தலையில் ஓட்டை,
ஆகவே சாம்பலும் நிற்பதில்லை.

“எத்தனை இறாத்தல் அழுத்தம், மிஸ்?”
இறாத்தல். பாண் வாங்குகிற அதே சொல்.
பன்னிரண்டு என்றான் செல்வின்.
நான் ஆறு என்றேன்.
சின்னப் பெட்டி, பெரிய புல்லி,
கிறில்லுக்குப் பின்னால்
காற்றைக் குளிர்விக்கத் தண்ணீர்.
பொன்னெட் மூடியே இருக்கட்டும்.

“ஆறுக்கா இவ்வளவு காசு?”
விரலுக்குத் தக்க வீக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை. காரணம் அதுவுமில்லை.

சிவப்பு பச்சையாகும் நொடியில்
எனக்கு முன்னால் சில வேளை
முப்பது அடி தார் வெறுமையாய் விழும்,
அடுத்த ஓட்டோ மூக்கை நுழைக்கும் வரை.
இந்த நகரம் எனக்குத் தருகிற முழு வீதியும் அதுதான்.
அதில் ஓர் அடியையும்
எஞ்சின் யோசிப்பதில் விட எனக்கு மனமில்லை.

சின்னது இல்ஹாமிடம் இல்லை. துபாயிலிருந்து வரவேண்டும்.
அன்று பின்னேரம் படிவத்தை நானே நிரப்பினேன்.
பொருள்: பாவித்த உதிரிப்பாகம், ஒன்று.
இறக்குமதியாளர் பெயர்:
பதினாறு வருடத்தில் முதல் தடவை
அந்தக் கட்டத்தில் என் பெயர்.
எழுத்துக் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

வீடு திரும்பும் வழி, ஆமர் வீதிச் சந்தி.
பக்கத்து ஓட்டோக்காரர் குனிந்து பார்த்தார்.
“லீட்டருக்கு எவ்வளவு ஓடும்?”
“மூன்றரை.”
“ஐயோ பாவம்” என்றார், உண்மையான கவலையோடு.

பச்சை விழுந்தது.
அவர்தான் முதலில் போனார்.

கப்பல் இருபத்துமூன்றாந் திகதி.