மூன்று பள்ளம்

வில்பருக்கு மேற்கே ஒரு பண்ணை ஏலம்.
மார்ச் மாதச் சேறு, காகிதக் கோப்பையில் காப்பி.
குழாய்த் திருகிகள், ஒற்றைக் கையுறை, கதவுக் கீல்கள்,
எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கசாப்புக் கத்தி.
பெட்டியோடு ஏழு டாலருக்கு என் தலையில் கட்டினார்கள்.
வேறு யாரும் கை தூக்கவில்லை.

"இன்னொன்றா?" என்றாள் ஆர்லீன்.
சமையலறைச் சுவரில் ஏற்கெனவே இருபத்தாறு.
எண்ணி வைத்திருப்பவள் அவள்தான்.

இரவெல்லாம் வினிகர்த் துணியில் சுற்றிக் கிடந்தது.
காலையில் துணி செம்மண், வீடெங்கும் ஊறுகாய் வாடை.
அதற்குமேல் உப்புத்தாள் எடுக்கவில்லை;
பளபளப்புக்காகச் சுரண்டுகிறவனை நான் நம்புவதில்லை.
துரு வேறு, கறை வேறு.
துரு எஃகைத் தின்னும்.
கறை, எஃகு தானே போர்த்திக்கொள்வது;
ஒவ்வொரு வெங்காயமும் ஒவ்வொரு பன்றித் தொடையும்
ஓர் இழை கொடுத்திருக்கும்.
ஜன்னலுக்குச் சாய்த்தால் புறாக் கழுத்து நீலம்.

பன்னிரண்டு அங்குலமாகப் பிறந்திருக்க வேண்டும்.
இப்போது ஒன்பதரை.
மீதி சாணைக்கல்லோடு போயிற்று.

பிடிதான் வம்பு.
பீச் மரம், மூன்று பித்தளை ஆணி, மூன்று பள்ளம்.
எப்படிப் பிடித்தாலும் கை உட்காரவில்லை,
சுண்டுவிரல் ஒரு மேட்டில் முட்டி வழுக்கியது.
கோணல் பிடி என்று தீர்ப்புச் சொல்லி
வால்நட் கட்டை வாங்கி
பென்சிலால் அளவும் குறித்துவிட்டேன்.

அலகில் முத்திரை பாதி அழிந்திருந்தது.
எந்த ஆலை என்று கேட்கத்தான்
இறந்தவரின் மகளுக்குப் போன் செய்தேன்.
வ்லாஸ்டா குச்செரா. பெயர் அவருக்கு நினைவில்லை.
"ஒமாஹாவில் ஏதோ ஒன்று. எலும்பு நீக்கும் வரிசை.
அங்கேதான் அப்பாவின் சுண்டுவிரல் போனது, வலது கை.
போனது ஒரு செவ்வாய்.
அடுத்த செவ்வாய் அதே வரிசையில் நின்றார்."
அவர் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றும் சத்தம்.
"வேறு ஏதாவது?"

வேறு ஒன்றுமில்லை.

ஆளி எண்ணெய் இரண்டு பூச்சு, அந்த மேட்டின் மீதும்.
வால்நட் கட்டை இப்போது
கராஜ் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

ஞாயிறுகளில் பன்றித் தோள் அறுக்கும்போது
சுண்டுவிரலை வெளியே நீட்டிக்கொள்கிறேன்.
சீமாட்டி தேநீர் குடிக்கிறாள் என்று
ஆர்லீன் சிரிக்கிறாள்.
கத்தி எலும்பை ஒட்டியே போகிறது,
என்னைவிட அதற்கு வழி தெரியும்.

எல்லோரும் மேசைக்கு வந்தாயிற்று.
நான் இன்னும் தொட்டியருகே.
ஈரத்தோடு விட்டுப்போக முடியாது,
அதற்குப் பத்து நிமிடம் போதும்.
துடைக்கிறேன். திருப்பித் துடைக்கிறேன்,
ஆணிகளைச் சுற்றி, பள்ளங்களுக்குள்.
"வருகிறாயா இல்லையா?"
கிரேவி ஆடை கட்டுகிறது.