மீள்பிடிப்பு

சித்திரை வெயிலில்
கள்ளிமேட்டுக்கு வடக்கே கிடக்கும் தரிசில்
மாட்டுக் குளம்படி காய்ந்து எழுந்த விளிம்பில் ஏறி
முன்கால் இரண்டையும் ஊன்றி
விரலளவு ஓணான் ஒன்று
தொண்டையை விரிக்கிறது.

வெள்ளை விசிறி. நடுவில் ஒரு நீலக்கோடு.
ஓரத்தில் செம்மஞ்சள், பூசியும் பூசாமலும்.
நாற்பது விநாடியில் பதினொரு தடவை.
என் கட்டைவிரல் அழுத்தி எண்ணும் கருவி
ஒன்று பின்தங்கிப் பத்து என்கிறது.

“வேலிக்கு ஓணான் சாட்சிம்பாங்க,
இது எதுக்குச் சாட்சி?”
நிலத்துக்காரர் உத்திராபதிக்கு
தினம் ஒரு தடவை இதைக் கேட்டாக வேண்டும்.
இது வேலி ஏறாத ஓணான் ஐயா.
மண்ணிலேயே மேய்ந்து
அவசரம் என்றால் பின்காலில் எழுந்து ஓடி
ராத்திரி கோரை நுனியில் தூங்கும்.
பெரும்பாலானவற்றுக்கு ஒரு கோடைதான் ஆயுள்.

லூர்து தூண்டில் கழியில்
நரம்புச் சுருக்குக் கட்டிக் கொண்டுவருவான்.
தலைக்கு மேல் ஆடும் சுருக்கை
பூச்சி என்று நிமிர்ந்து பார்க்கும்.
அந்த ஒரு நிமிர்தல் போதும்.

மூக்கிலிருந்து குதம் வரை நாற்பத்தாறு மில்லிமீட்டர்.
எடை, அரைப் பவுனுக்கு அரை கிராம் குறைவு.
உடல் சூடு முப்பத்தெட்டு,
நமக்கு என்றால் மாத்திரை போட்டிருப்போம்.
பின்காலில் நாலே விரல்.
அதில் ஒன்றை நறுக்கி அடையாளம் வைப்பது பழைய முறை.
ஐந்து இருந்திருந்தால் நறுக்கியிருப்பேனோ, தெரியாது.
வேதாரண்யம் கடைத்தெருவில்
பதினைந்து ரூபாய்க்கு நகப்பூச்சு வாங்கினேன்.
கடைக்காரப் பெண் என் விரல்களைப் பார்த்துவிட்டு
ரோஸ் எடுத்துக் கொடுத்தாள்.
முதுகுக்கு இடதுபுறப் புள்ளி பத்து,
வலதுபுறப் புள்ளி ஒன்று.
குளம்படிக்காரன், பதினேழு.

முதல் சுற்றில் பிடித்துப் பூசி விட்டவை நாற்பது.
மறு சுற்றில் முப்பது,
அதில் ரோஸ் பூசியவை பன்னிரண்டு.
நாற்பதை முப்பதால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால்
நூறு.
என் கண் பார்த்தது ஐம்பத்தெட்டு.
மீதி நாற்பத்திரண்டும்
என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

வைகாசியில் ஒரு மழை.
மறுநாள் வயிறு புடைத்த ஒருத்தி
ஈரமண்ணைத் தோண்டினாள், நின்றாள், தோண்டினாள்.
பதினொரு முட்டை.
மூடிய மண்ணை மூக்கால் குத்திக் குத்தி இறுக்கினாள்.
மூங்கில் குச்சி நட்டுத் தேதி எழுதினேன்.

நாற்பத்தோராம் நாள் விடியலில் லூர்துவின் போன்.
“அடப்பாத்துல தண்ணி வந்துட்டு.”

கடைமடைக்கு மூன்று வருஷம் கழித்து வரும் தண்ணீர்.
மதகடியில் பூவும் நெல்லும் தூவினார்கள்,
யாரோ வெடி போட்டார்கள்.
மடை திறந்ததும் அது
நிலத்தின் மேல் வரவில்லை,
வெடிப்புக்குள் இறங்கியது.
நிலம் குடிக்கிற சத்தம்.
பிறகு எறும்புகள் மேலே வந்தன,
பிள்ளைப்பூச்சிகள் வந்தன,
கொக்குகள் வந்தன.
குளம்படி கரைந்தது.
மூங்கில் குச்சியைத் தண்ணீர் தொட்டபோது
மணி எட்டு ஐந்து. மூடியபோது எட்டுப் பதினேழு.
நேரம் குறித்தேன்.
வேறு எதையும் செய்யும் உரிமை
அந்த வயலில் எனக்கு இல்லை என்று
அப்போது தோன்றியது.

உத்திராபதி ஓடிவந்து
என் கையில் சர்க்கரை வைத்தார்.
தின்றேன்.
இனிப்பாகத்தான் இருந்தது.

ஐந்து நாள் வரப்புகளையே சுற்றினோம்.
பிடிபட்டவை ஒன்பது, எல்லாம் புது முதுகு.
பெரிய வரப்பில் எருக்கஞ்செடியின் கீழே
நகம் அளவு உரிந்த தோல்.
வலதுபுறத் துண்டு.
ஊதினால் பறக்கும் சவ்வில்
ரோஸ் புள்ளி ஏழு.

ஏழாக இருக்கலாம். பதினேழு, இருபத்தேழு,
முப்பத்தேழாகவும் இருக்கலாம்.
தோலோடு எண்ணையும் கழற்றிவிட்டு
அந்த ஒன்பதில் ஒன்றாக
என் கையிலேயே கனத்துவிட்டும் போயிருக்கலாம்.

படிவத்தில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள்.
நாலு எண்ணுக்கும் முதல் கட்டத்தில் டிக் போட்டேன்:
மீண்டும் பிடிபடவில்லை.
அடுத்த கட்டத்தின் பெயர் வேறு.