இரண்டாம் வேற்றுமை

ஒத்தக்கடை, ஜெராக்ஸ் கடைக்கு மாடி.
தமிழில் சொன்னதை ஆங்கிலமாக்கித் தட்டித் தருவேன்,
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
யார் ஜெயித்தார் என்று கேட்பதில்லை.

வெள்ளைத்தாய் சாட்சிக்கூண்டில் சொன்னது ஒரே வரி:
"சூப்பர்வைசர் வேலை கேட்டதிலிருந்து
என்னைய கழிவுப் பஞ்சு குடோன்ல ஒதுக்கிட்டாங்க."

கட்டில் இருந்த ஆங்கிலம் வேறு மாதிரி:
குடோனில் அவளுக்கு வேலை 'அலாட்' ஆனது.
அதை நம்பித் தனி நீதிபதி எழுதினார்,
பாகுபாடு இல்லை, நிர்வாக வசதி, தள்ளுபடி.

ஐ போய்க் கு வந்திருக்கிறது.
அவ்வளவுதான்.
எட்டு வேற்றுமையும் ஒரே மூச்சில் சொல்வேன்
ஏழாம் வகுப்பில்.
கப்பலூர் மில்லில் அவளுடைய பதினாறு வருஷம்
இரண்டு எழுத்துக்கு நடுவில் விழுந்துவிட்டது.

மேல்முறையீட்டில் ஆளைக் கூப்பிடுவதில்லை,
தாளைத்தான்.
அவள் கடைசி பெஞ்சில்
செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
நானும் போயிருந்தேன்.
இரண்டு நீதிபதிகளில் மூத்தவர்
ஆங்கிலத்தை மூடிவிட்டுத் தமிழ்த் தாளைக் கேட்டார்.
"ஒதுக்கினது வேலையையா, இந்த அம்மாவையா?"
மில் வக்கீல் பக்கம் புரட்டினார்.
ஃபேன் காற்று அவருக்கு முந்திப் புரட்டியது.

உத்தரவு ரத்து.
மறுபடி விசாரிக்க வேண்டும், முதலிலிருந்து.
"அப்ப ஜெயிச்சாச்சா?"
யானைமலை வெயிலில் கிடந்தது.
இன்னும் இல்லை என்றேன்.
மாட்டுத்தாவணி பஸ் வரும்வரை
கூடவே நின்றேன், காரணம் சொல்லாமல்.

பழைய மொழிபெயர்ப்பின் அடியில்
ரப்பர் ஸ்டாம்பில் இருப்பது என் பெயர்.
அப்போது பக்கத்துக்கு இருபத்தைந்து.