டர்பன்டைன் கிளை

அப்புத்தளையில், தண்ணித் தாங்கி மேட்டில்
தென்சிலுவைக்குப் பின்னாலேயே
மயிரிழை மயிரிழையாய்த் திரும்புகிறது டிராக்கர்.
லென்ஸில் பனி கோக்காதிருக்க
சசிரேகாவின் ஒற்றைக் காலுறை, உள்ளே சூடேற்றி.

நூற்றெட்டுப் படம்.
மூடுபனி தின்றது போக இருபத்துமூன்று.

மென்பொருள் அடுக்கியது.
இரைச்சலைத் துடைத்தது.
வெல்லவாயப் பக்கத்து மஞ்சள் வெளிச்சத்தை
வழித்தெடுத்தது.
அதோடு விட்டிருக்கலாம்.
குறுக்கே நின்ற டர்பன்டைன் கிளையையும் எடுத்துவிட்டு
அந்த இடத்தில்
ஏழு நட்சத்திரம் வைத்தது.

"வடிவாத்தான் இருக்கு" என்றாள்.
"ஆனா இந்த ஏழையும் யாரு கண்டது?"

கமெராவும் காணவில்லை.

‘பழையபடி’ என்பதை அழுத்தினேன்.
கிளை வந்தது,
கூடவே இரைச்சலும்.

வெளியே
அதே கிளையிலிருந்து தகரத்தில்
சொட்டிக்கொண்டிருக்கிறது
மீதி எண்பத்தைந்து படம்.